ரேகை முளைக்கும் வரை

அந்தப் பாட்டிலை நான் எனக்காகத்தான் வாங்கினேன். என் மேற்கையின் பின்புறம் பல வருஷமாகச் சொரசொரப்பு. இறகு பிடுங்கிய கோழியின் தோலைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். நாமக்கல் பக்கத்தில் அதைத் தடவிப் பார்க்காதவர்கள் குறைவு. நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கட்டடத்தின் மாடிக்கு மாதம் ஒருமுறை வரும் தோல் டாக்டரம்மாவிடம் கையைக் காட்டினேன். லாக்டிக் ஆசிட் என்று எழுதிக் கொடுத்தார். தயிரில் இருக்கிற அதே புளிப்புதான், ரொம்ப சாது, செத்த தோலை மட்டும் மெல்லக் கழற்றும், வாரத்துக்கு இரண்டு முறை தடவினால் போதும் என்றார். சுண்டுவிரல் உயரப் பாட்டில், மூடியிலேயே சொட்டு விடுகிற குழாய். வாங்கி வந்து பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். ஆசிட் என்று எழுதிய ஒன்றை வீட்டில் வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே சமயத்தில்தான் எங்கள் ரேஷன் கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. கார்டில் பேர் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும், அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வைக்காதவர்களின் பேர் போய்விடும் என்றார்கள். அப்படி உத்தரவு உண்மையிலேயே வந்ததா, இல்லை கடைக்காரத் தம்பி ஆட்களைச் சேர்ப்பதற்காகக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. எங்கள் கார்டில் மூன்று பேர். நான், ஒன்பதாவது படிக்கும் மகள், என் வீட்டுக்காரர். நானும் மகளும் ஒரு சனிக்கிழமை போய் விரலை வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டே நிமிஷ வேலை.

என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு வண்டி என்று பேர்தானே தவிர, அது திருச்செங்கோட்டில் நின்று நான் பார்த்ததில்லை. சத்தீஸ்கர், ராஜஸ்தான், தெலங்கானா என்று எங்கெல்லாம் பூமிக்கடியில் தண்ணீர் இருக்கும் என்று யாராவது நம்புகிறார்களோ அங்கெல்லாம் போகும். அவர் பொங்கலுக்கு ஒருமுறை வருவார், மாரியம்மன் பண்டிகைக்கு ஒருமுறை வருவார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம். ஒன்றாக இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் இரண்டு வருஷம் தேறாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆண்பிள்ளை ஊரில் இருந்தால்தான், என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

ஃபோனில் ரேஷன் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு விடுவார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் வாங்குகிற ரேஷன் அரிசியில் பாதியைக் கோழி தின்கிறது, மீதியில் இட்லி. அவர் அதைக் கண்ணால் பார்த்தே நாலைந்து வருஷம் இருக்கும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கம்ப்ரசர் சத்தம் தேய்கிற தூரத்துக்கு நடந்து போனார். பிறகு சொன்னார்.

"என்ர பேரு உங்க ரெண்டு பேரு கூட ஒண்ணா இருக்கறது அந்தக் கார்டுல மட்டுந்தான் புள்ள. அதயும் எடுத்துப் போட்டாங்கன்னா அப்பறம் நா எந்த ஊட்டுக்காரன்?"

மூன்றாம் நாள் காலையில் பை ஒன்றோடு வாசலில் நின்றார். ஒரு வாரம் லீவு. மகளின் காதுகுத்துக்கு மூன்று நாள் கேட்டு ஒன்றரை நாள் வாங்கிக்கொண்டு வந்த மனிதர் அவர்.

ரேஷன் கடைக்குப் போனோம். மிஷின் அவருடைய விரலைப் பார்த்ததும் சிவப்பு விளக்கைப் போட்டு, மறுபடி வைக்கச் சொன்னது. வைத்தார். மறுபடி சிவப்பு. எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் நடப்பதுதான். வெங்காயம் உரிப்பவர்களுக்கு, விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு, மரவள்ளி சீவுபவர்களுக்கு எல்லாம் ரேகை அடிக்கடி அடம்பிடிக்கும். அதனால் வரிசையில் நின்ற எல்லாரும் நிபுணர்கள். தலைமுடியில் தேய்க்கச் சொன்னார் ஒருவர். நெற்றியில் தேய்க்கச் சொன்னார் இன்னொருவர். ஈரத்துணியால் துடை என்றார்கள், துடைத்தார். ஈரம் கூடாது என்றார்கள், வேட்டியில் துடைத்தார். பத்து விரல்களையும் முறைவைத்து வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்பதை மிஷின் சட்டையே செய்யவில்லை. வலது பெருவிரலுக்கு மட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்குமுன் ஒரு நொடி தயங்கியது. கடைக்காரத் தம்பி அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் மாமா, இது வெரலுங்களா, போருக்குள்ள எறக்கற கேசிங் பைப்புங்களா?"

ரேகைக்குப் பதிலாகக் கண்ணைக் காட்டுகிற மிஷின் ஒன்றும் கடையில் இருந்தது. ஆனால் அது வந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டியில்தான் இருந்தது. அதன் ஒயர் இன்னும் வரவில்லை என்று தம்பி சொன்னார். அதன்மேல் சர்க்கரைச் சிட்டை வைத்திருந்தார். ஆக, எங்கள் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு பெருவிரலில், அந்த ஒரு நொடித் தயக்கத்தில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து விரலை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேரின் விரல்களை நான் பிடித்துப் பார்க்கிறவள். இப்படி ஒரு விரலில் என்னுடைய ஊசி இறங்கியிருக்காது. இருபது வருஷமாக இரும்பு ராடைக் கையால் பிடித்து மாட்டி மாட்டி, தோல்மேல் தோல் ஏறி, மேலே மஞ்சளாக ஒரு ஓடு. ரேகை அதன் அடியில் எங்கேயோ இருந்தது. அப்போதுதான் எனக்குப் பீரோவின் ஞாபகம் வந்தது. செத்த தோலை மட்டும் மெல்லக் கழற்றும் என்று டாக்டரம்மா சொன்னாரே. இதைவிடச் செத்த தோல் ஜில்லாவிலேயே கிடைக்காது.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். சிரித்தார். கெடுதல் இல்லை, தடவிப் பாருங்கள், ஆனால் அந்தக் கைக்கு வேலை கொடுக்காதீர்கள், அவசரப்படாதீர்கள் என்றார். அவசரப்படாதீர்கள் என்பதை நான் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

வேலை கொடுக்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் சொட்டை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் கிணற்று மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார். கேட்டால் சும்மா சத்தம் வந்தது என்றார். மறுநாள் எங்கள் நிலையத்திலிருந்து ரப்பர் கையுறை ஒரு கட்டு கொண்டுவந்து, காலையில் போட்டுவிட்டால் சாயங்காலம்தான் கழற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நீல நிறக் கையுறை. ஆறடி ஆள் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கியும் இரண்டு கையிலும் நீலக் கையுறையுமாக டீக்கடைக்குப் போனார். அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானமே பக்கத்து வீட்டு அக்கா வந்து, வடக்கே இருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாரா, குழந்தை இருக்கிற வீடு என்று தாழ்ந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார். விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நாள் தன் இரண்டு கட்டைவிரலையும் நீட்டிக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு சொட்டு விடு என்றார். அவருக்கு ரேகை முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது என்பதை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

நாலாம் நாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது வீட்டுக்காரர் திண்டில் சாய்ந்துகொண்டு ரொம்பத் திருப்தியாக இருந்தார். பாட்டில் பாதிக்குமேல் காலி. பக்கத்தில் ஒரு துண்டு உப்புத்தாள் கிடந்தது. கதவு வார்னிஷ் அடிக்கும்போது மரத்தை இழைக்க வாங்கியது. நான் கேட்காமலே விளக்கினார். காலையில் ஒரு தடவை விட்டுப் பார்த்தாராம், மேல்தோல் இளகிக்கொடுத்ததாம். இளகும்போது நிறுத்தினால் எப்படி? மறுபடி விட்டிருக்கிறார். ஏழு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே உப்புத்தாளால் ஒரு இழைப்பு. போர் போடுகிறவர்களுக்கு இருக்கிற ஒரே பயம், பாறையைப் பார்த்து நின்றுவிட்டு, இன்னும் பத்தடியில் இருந்த தண்ணீரை விட்டுவிட்டோமோ என்பதுதான்.

"நூத்தம்பது அடியில ஒடசல் பாறை வந்துருச்சுன்னு பைப்ப மேல தூக்குவாங்களா புள்ள? இன்னுங் கொஞ்சம் எறக்குனாத்தான ரேகை வரும்."

கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். மஞ்சள் ஓடு போயிருந்தது. கூடவே எல்லாம் போயிருந்தது. வலது பெருவிரல் உரித்த முட்டையாக வழுவழுவென்று, இளஞ்சிவப்பாக இருந்தது. பதினேழு வருஷத்தில் அந்தக் கையில் இவ்வளவு மிருதுவான இடத்தை நான் தொட்டதில்லை. கோபத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வந்ததும் நிறையவே வந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். முன்பு மிஷின் சிவப்பு விளக்காவது போட்டது. இந்தத் தடவை அவர் விரலை அழுத்தி வைத்திருக்க வைத்திருக்க, விரலை வையுங்கள், விரலை வையுங்கள் என்று அது தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. வெச்சுட்டுத்தான் இருக்கறேன் என்று அவர் அதனிடம் பதில் சொன்னார். வரிசையில் நின்றவர்கள், வைத்துத்தான் இருக்கிறார் என்று சாட்சி சொன்னார்கள். தம்பி மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பொறுத்தவரை இப்போது இங்கே ஆளே இல்லை என்றார். என் வீட்டுக்காரர் முகம் சட்டென்று சுருங்கிப் போனது. எனக்கு அன்று அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

தோல் புதுசாக வளர்ந்தால் ரேகையும் கூடவே வரும், எப்படியும் மூன்று நாலு வாரமாகும், அதுவரை தேங்காயெண்ணெய் தவிர ஒன்றும் தொடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. கடைசி வெள்ளிக்கு நாலு வாரம்தான் இருந்தது. வண்டிக்குத் திரும்பிப் போய் ராடைப் பிடித்தால் முதல் நாளே எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் முதலாளிக்கு ஃபோன் போட்டார். காய்ச்சல், கால் முறிவு, சாவு எல்லாவற்றுக்கும் அந்த முதலாளியிடம் பதில் தயாராக இருக்கும். இதற்கு இல்லை.

"ரேகை இன்னும் மொளைக்கலீங்க. மொளச்சதும் வாரனுங்க."

முதலாளி விரலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். மகள் ஜன்னலோரம் வைத்து எடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, வெளிச்சம் பத்தவில்லை, வேறு படம் வேண்டும் என்று செய்தி வந்தது. அதன்பிறகு வாரம் ஒரு படம் போக வேண்டும் என்று ஏற்பாடானது. அந்தப் படங்களை அவர் எதை வைத்து எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்று தெரியாது. ஒரு தடவை மட்டும், இடது ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். அது குழம்புக் கறை.

இப்படியாக என் வீட்டுக்காரர், ஒரு பெருவிரலின் பேரில், எங்கள் வீட்டில் இருக்க ஆரம்பித்தார்.

முதல் வாரம் எனக்குத் தலைவலியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், எப்போது போவார் என்றிருந்தது. சாமான் அலமாரியில் டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவிட்டார். உப்பு எங்கே என்று என் வீட்டில் நானே தேட வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் குச்சியை விட்டுக் காலையிலும் மாலையிலும் அளந்து, எத்தனை அங்குலம் இறங்கியது என்று என்னிடம் சொல்வார். அது எனக்கு எதற்கு என்று கேட்டால் குச்சியைத் துடைத்து மூலையில் சாத்துவார். மகள் டியூஷனிலிருந்து வருகிற பாதையில் போய் நின்றுகொண்டு, கூட வருகிற பிள்ளைகளையெல்லாம் யார் வீடு என்ன ஏது என்று விசாரித்தார். நாலாம் நாள் அவள் என்னிடம் வந்து, அப்பாவைக் கொஞ்சம் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

அதனால் அவரை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்களுக்காக எங்கள் நிலையம் காலை ஆறரைக்கே திறந்துவிடும். பைக்கில் அவரைப் பின்னால் உட்கார வைத்து நான்தான் ஓட்டினேன். விரலுக்கு வேலை கூடாதே. புதுச்சத்திரம் வரை நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் லாரி. கையுறை போட்ட கைகளை என் தோள்மேல் வைத்துக்கொண்டு, கியர் மாத்து, கியர் மாத்து என்று சொல்லிக்கொண்டே வருவார். நிலையத்தில் ஒரு ஓரமாக உட்காருவார். இரண்டாம் நாள் ஒரு பெரியவர் உள்ளே வந்து, கையுறையைப் பார்த்துவிட்டு, நேரே அவர் முன்னால் போய் உட்கார்ந்து சட்டைக்கையை மடித்து நீட்டிவிட்டார். என் வீட்டுக்காரரும் மறுக்கவில்லை. நரம்பைத் தடவிப் பார்த்து, நல்ல ஊற்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் பெரியவரின் கையைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் இரண்டாவது வாரத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் வேலை முடிந்து ஒன்றரை மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது, உள்ளே ஆள் இருக்கிற வீட்டுக்குள் நுழைகிறோம் என்பது திடீரென்று உறைத்தது. அது எனக்குப் பழக்கமே இல்லை. பூட்டைத் திறக்கிற சத்தம் இல்லாமல் நான் வீட்டுக்குள் போய் வருஷங்களாகியிருந்தன. அவர் சாப்பிடாமல் காத்திருந்தார். சோற்றைப் பிசைந்தால் காரம் விரலில் எரியும் என்பதால் ஸ்பூனில்தான் சாப்பிட வேண்டும். அவருக்கு அது வராது, பாதி வேட்டியில் விழும். அதனால் நான் பிசைந்து உருண்டை பிடித்துக் கையில் வைப்பேன். நாற்பத்தாறு வயசு ஆளுக்கு. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முதலில் கதவைச் சாத்தினேன். பிறகு சாத்துவதை விட்டுவிட்டேன்.

மகள் தன்பங்குக்கு ஒரு சோதனை வைத்திருந்தாள். அவர் வந்த முதல் நாளே, அவருடைய ஃபோனில் அந்தப் பெருவிரலை முப்பது தடவையாவது அழுத்தி எப்படியோ பதிந்து வைத்திருந்தாள். உப்புத்தாளுக்குப் பிறகு அது திறப்பதை நிறுத்திவிட்டது. என்று மறுபடி திறக்கிறதோ அன்று ரேகை வந்துவிட்டது என்று அர்த்தம் என்றாள். தினம் மாலை ஆறு மணிக்கு, விளக்கு வைத்த கையோடு, மூன்று பேரும் சுற்றி உட்காருவோம். அவர் கையுறையைக் கழற்றி விரலை வைப்பார். ஃபோன் ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு மாட்டேன் என்று சொல்லும். மகள் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி போடுவாள். மூன்று பேரும் சேர்ந்து காப்பி குடிப்போம். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் இருந்த ஒரே சடங்கு அதுதான்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் காயட்டும் என்று கையுறையைக் கழற்றியிருந்தேன். முதலாளி அவருடைய ஃபோனில் கூப்பிட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிடுவதற்குள் சத்தத்தைக் குறைத்து வைக்கலாம் என்று ஃபோனை எடுத்தேன், பூட்டியிருந்தது. கட்டிலுக்கு வெளியே தொங்கிய கையில் பெருவிரல் பக்கத்திலேயே இருந்தது. சும்மாதான் வைத்தேன். ஃபோன் திறந்துகொண்டது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரேகை வந்துவிட்டது. நாளைக்கே கடைக்குப் போகலாம். நாளை மறுநாள் வண்டி. அதன்பிறகு பண்டிகைக்குத்தான். நான் ஃபோனை வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்து வந்தேன். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு சொட்டை அந்தப் பெருவிரலில் விட்டு, என் சுண்டுவிரலால் மெதுவாகத் தேய்த்தேன். மாலை ஆறு மணிக்கு ஃபோன் மாட்டேன் என்றது. மகள் பெருக்கல் குறி போட்டாள். நான் காப்பி போட எழுந்துபோய், அடுப்பின்முன் நின்றுகொண்டு, ஒரு திருடிக்குச் சமமான வெட்கத்தோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நிம்மதியோடும் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மத்தியானமும் தடவினேன். வெள்ளியும். சனிக்கிழமை இரண்டு சொட்டு. ஒரு சொட்டு லாக்டிக் ஆசிட் உண்மையில் அவ்வளவு செய்யுமா, விரல் வழவழத்ததால் ஃபோன் ஏமாந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் ஒன்றும் அறியாமல் ஆழ்ந்து தூங்குவார். கை எப்போதும் கட்டிலுக்கு வெளியே, எனக்கு வசதியாகவே தொங்கும். அந்தப் பாட்டிலில் வாரத்துக்கு இரண்டு முறை என்று போட்டிருப்பதை நானே மீறிக்கொண்டிருந்தேன். என் மேற்கைச் சொரசொரப்பு அப்படியே இருந்தது. அதைப் பற்றி நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

கடைசி வாரம் வந்தது. திங்கட்கிழமை சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு உருண்டையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ரேகை உழுகலீனா, என்ர பேரு போயிருமுல்ல?"

அவர் என்னைப் பார்த்து அதைக் கேட்கவில்லை, சோற்றைப் பார்த்துத்தான் கேட்டார். நான் குறுகிப் போனேன். இந்த மனிதர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஓடிவந்ததே அந்தப் பேருக்காக. அவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அவர் பேரையே அழித்துக்கொண்டிருந்தேன். போகாதுங்க, கண்டிப்பா உழுகும் என்றேன். அன்று மத்தியானம் பீரோ பக்கம் போகவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மத்தியானம் கொல்லைப்புறத்தில் போய்த் துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். வியாழன் மாலை ஃபோன் சட்டென்று திறந்துகொண்டது. மகள் கைதட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் தட்டவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்குப் போனோம். கடைசி நாள் என்பதால் நல்ல கூட்டம். எங்களைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த விரலாகிவிட்டதல்லவா. அவர் கையுறையைக் கழற்றினார். யாரோ ஒருவர், ஒரு நிமிஷம் என்று சொல்லி ஃபோனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார். விரலை வைத்தார். மிஷின் தயங்கவே இல்லை. வைத்த மாத்திரத்தில் பச்சை. கடைக்காரத் தம்பி எழுந்து நின்று கும்பிட்டார். கூட்டத்தில் சிரிப்பும் கைதட்டலும். எண்ணெய்ச் சிட்டைக்காக நின்ற ஒரு அம்மா அவர் பெருவிரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு என்ன காரணம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் தலையாட்டினார். முதலாளிக்கு அன்றே படம் போனது. ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று பதில் வந்தது.

மத்தியானம் அவர் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கடைக்காரத் தம்பி எனக்கு ஃபோன் செய்தார். கடைசித் தேதியை நீட்டித்துவிட்டார்களாம். எவ்வளவு நாளைக்கு என்று இன்னும் தெரியாதாம், எப்படியும் இரண்டு மூன்று மாதம் இருக்கும், அவசரமே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, மாமாவுக்குத்தான் விழுந்துவிட்டதே என்று அவரே ஞாபகப்படுத்திக்கொண்டு சிரித்தார். ஃபோனை வைத்துவிட்டு நான் அழுதேன். மறைக்க முயற்சி செய்யாமல், மடித்த லுங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

அவர் எழுந்து வந்தார். என் மடியில் இருந்த லுங்கியை எடுத்துப் பையில் வைத்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள திங்கக்கெழமையிருந்து தடவறத உட்டுட்ட?"

எனக்கு அழுகை நின்றது. தூங்கிக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று எப்படியோ கேட்டேன்.

"இருவது வருசமா பகல்ல வண்டிச் சத்தத்துல நிக்கறவனுக்கு மத்தியானத்துல எங்கிருந்து புள்ள தூக்கம் வரும்? அந்தப் புதன்கெழம காலையிலயே நா ஃபோனத் தொறந்து பாத்துட்டேன். நீ வர்ற சத்தங் கேட்டுத்தான் தெனமும் கைய வெளியில போடுவேன்."

அப்புறம் எதற்காகத் திங்கட்கிழமை சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேரைப் பற்றிக் கேட்டீர்கள் என்றேன். கட்டிலில் கிடந்த கையுறையை எடுத்துப் பையில் போட்டார். பேரும் வேண்டியிருந்தது என்றார். பிறகு பையின் ஜிப்பை இழுத்தார், அது பாதியில் சிக்கிக்கொண்டது. விரலுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நான் போய் இழுத்து மூடினேன்.